யார் கையால் கொடுப்பது

திருச்சி
9.2.2025

அன்புள்ள கதிருக்கு,

உன் மெயில் வந்து நாலைந்து நாளாகிறது. போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி அத்தை, புரியுது அத்தை" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அண்ணன் பார்த்தால் "இவளுக்கு வேற வேலை இல்லை" என்பார். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை, சொல்.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்ட விதம் இது. உங்கள் தன்னார்வக் குழு செய்கிற எழுத்துப்பிழை திருத்திக்கு ஒரு சென்னைக் கம்பெனி ஆறு லட்சம் ரூபாய் தரத் தயார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன் அடுத்த பதிப்பு வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்தப் பணத்தை வைத்து உன்னையும் பொள்ளாச்சிப் பெண்ணையும் நாலு மாதம் முழுநேரமாக உட்காரவைக்கலாம் என்று குழுவில் பேச்சு. மற்றவர்களில் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. ஒருவர் மட்டும் "அப்போ நான் இத்தனை வருஷம் செஞ்சதுக்கு பில் அனுப்பட்டுமா" என்று கேட்டுவிட்டார். நீ அவர்மேல் கோபமாக இருக்கிறாய். எனக்கென்னவோ அவர் கேட்டது நல்லதாகத்தான் படுகிறது. மனதில் இருப்பது என்னவென்று தெரிந்துவிட்டது, பேசித் தீர்க்கலாம். வாய் திறக்காத பாதிப் பேர்தான் என் கவலை.

கம்பெனிப் பணம் வாங்கலாமா கூடாதா என்று நேராகக் கேட்டிருக்கிறாய். வாங்கு. ஆனால் இப்போது பேசிக்கொண்டிருக்கிற மாதிரி வாங்காதே. ஏன் என்று சொல்ல 2006க்குப் போக வேண்டும். நீ அப்போது இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தாய்.

எங்கள் கல்லூரி செர்வர்கள் எல்லாம் டெபியனில்தான் ஓடின. அதனால் 2006ல் அந்த வீட்டில் நடந்த சண்டையை நான் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவள். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம் 1993ல் இயன் மர்டாக் தொடங்கியது. உலகம் முழுக்க ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து செய்கிற வேலை, தலைவரைக்கூட வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 1998ல் தங்களுக்கு ஒரு சாசனமே எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது, கொடுத்த வேலை பிடிக்கவில்லை என்றால் செய்யாமல் இருக்கலாம், விதிகளுக்கும் முறையாக எடுத்த முடிவுகளுக்கும் எதிராக வேலை செய்யக்கூடாது, அவ்வளவுதான். இந்த விதியின்மேல்தான் அந்தக் கட்டடமே நிற்கிறது.

கட்டடம் நின்றது, ஆனால் மெதுவாக நகர்ந்தது. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு, அதற்கு அடுத்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று வருஷம். இதற்கு நடுவில், 2004 அக்டோபரில், மார்க் ஷட்டில்வொர்த் தன் பணத்தைப் போட்டு, டெபியனிலிருந்தே எடுத்து, டெபியன்காரர்கள் சிலரையே சம்பளத்துக்கு வைத்து உபுண்டுவை இறக்கிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, சொன்ன தேதியில். டெபியன்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

2006 ஏப்ரலில் ஆந்தனி டவுன்ஸ் தலைவரானார், ஆஸ்திரேலியாக்காரர். சாதாரண ஆள் இல்லை. பேக்கேஜ்களைச் சோதித்து, தகுதியானதைத் தானாகவே அடுத்த பதிப்புக்கு நகர்த்துகிற ஏற்பாட்டை டெபியனில் கட்டியவரே அவர்தான். தாமதம் எங்கே சிக்குகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ரிலீஸ் மேனேஜர்களிடம்.

ரிலீஸ் மேனேஜர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதே. வெளியீட்டுக்குச் சில மாதம் முன்னால் எல்லாவற்றையும் உறையவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு பேக்கேஜில் சின்ன மாற்றம் நுழைய வேண்டுமென்றாலும் இவர்களிடம்தான் மனு. மனுவைத் திறந்தால் பழைய கோடுக்கும் புதிய கோடுக்கும் உள்ள வித்தியாசம் வரிவரியாக இருக்கும், கழித்தல் குறி போட்டவை போனது, கூட்டல் குறி போட்டவை வந்தது. அனுப்பினவர் "ஒரே ஒரு பிழையைத்தான் சரிசெய்தேன்" என்று எழுதியிருப்பார். உள்ளே பார்த்தால் போகிற போக்கில் இன்னும் நாலு சாமானைச் சேர்த்துத் திணித்திருப்பார். அதைக் கண்டுபிடித்து, அவர் மனம் கோணாமல், "முதல் மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள்" என்று பதில் எழுத வேண்டும். அந்தப் பேக்கேஜை நம்பி இன்னும் பத்து இருபது பேக்கேஜ் காத்திருக்கும். எல்லாம் சேர்ந்துதான் நகர முடியும். அன்றைக்கு வேலை நடந்துகொண்டிருந்த எட்ச் என்ற பதிப்பில் 18,000 பேக்கேஜுக்கு மேல், 11 வகைக் கணினிகளுக்கு. பத்து வகையில் ஒழுங்காக பில்ட் ஆனது பதினோராவதில் முறுக்கிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் ஆபீஸ் வேலை முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரி செய்ய வேண்டும். யாரும் கைதட்ட மாட்டார்கள். தேதி தள்ளிப்போனால் மட்டும் உலகமே இவர்கள் பெயரைச் சொல்லும்.

டவுன்ஸ் போட்ட கணக்கு எளிமையானது. ஸ்டீவ் லாங்கசெக், ஆண்ட்ரியாஸ் பார்ட் என்று இரண்டு ரிலீஸ் மேனேஜர்கள். வெளியில் நன்கொடை திரட்டி, ஆளுக்கு ஒரு மாதம் வேறு வேலை பார்க்காமல் இதையே பார்க்கவைத்தால், 2006 டிசம்பர் 4ஆம் தேதி எட்ச் வந்துவிடும். செப்டம்பரில் டங்க்-டேங்க் என்ற பெயரில் தனி அமைப்பாக இதை அறிவித்தார். தொகை ஆளுக்கு ஏறக்குறைய 6,000 டாலர். இது டெபியன் பணம் இல்லை, டெபியன் எடுத்த முடிவும் இல்லை, சிலர் வெளியில் சேர்ந்து செய்கிற சோதனை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இது தலைவர் செய்வது இல்லை" என்றால் யார் காதில் ஏறும்?

ஊரே இரண்டாகிவிட்டது. அக்டோபரில் 17 டெவலப்பர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு அறிக்கை விட்டார்கள். தலைவரைத் திரும்ப அழைக்க ஓட்டெடுப்பே நடந்தது. தோற்றது, அவர் பதவியில் நீடித்தார். எனக்குப் பிடித்த கூத்து வேறு. எதிர் அணியில் சிலர் டங்க்-பேங்க் என்று ஒன்றைத் தொடங்கி, எட்சில் இருக்கிற பெரிய பெரிய பிழைகளாகத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தார்கள், வெளியீடு தாமதமாகட்டும் என்று. கோபத்தில் செய்த வேலையில் பதிப்பின் தரம்தான் கூடியது. டெபியன்காரர்களுக்குச் சண்டை போடக்கூட ஒழுங்காகத்தான் தெரியும்.

எட்ச் வந்தது 2007 ஏப்ரல் 8ல். சொன்ன தேதிக்கு நாலு மாதம் பின்னால். "பார்த்தாயா, காசு கொடுத்தும் நடக்கவில்லை" என்றார்கள் ஒரு பக்கம். "முந்தையது மூன்று வருஷம், இது இரண்டுக்கும் குறைவு" என்றார்கள் இன்னொரு பக்கம். தேதியை வைத்து இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது, கதிர். எனக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை.

உனக்கு நான் காட்ட நினைப்பது இதைத்தான். அந்த 17 பேரும், அவர்களுக்குப் பின்னால் முணுமுணுத்தவர்களும் பணத்துக்கே எதிரிகள் இல்லை. உபுண்டுவின் கெனோனிக்கல் கம்பெனியும் ஹெச்பியும் சம்பளம் கொடுத்து டெபியன்காரர்களை வைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும், யாரும் அதற்காகத் தலைவரை இறக்கப் பார்க்கவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரருக்குக் கூலி பேசிக் கொடுக்கிறோம், யார் முகம் சுளிக்கிறார்கள்? பந்தியில் பரிமாறுகிற பெரியப்பா பிள்ளைகளில் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டு, "நீங்கள் வேகமாகப் பரிமாறுகிறீர்கள்" என்று பெண்ணின் அப்பாவே ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்தால்? மற்றவன் கையிலிருக்கிற சாம்பார் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வான். பணம் கேட்க மாட்டான். சண்டையும் போட மாட்டான். வாளியை மட்டும் வைத்துவிடுவான்.

டெபியனில் சிலர் அப்படி வைத்தார்கள். வாரா வாரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த செய்தி மடல்கூட அந்தச் சமயத்தில் தடுமாறியது. இந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது என்பதுதான் சிக்கல். ஆறாயிரம் டாலருக்கு ஒரு மாத வேலை வந்தது என்று ரசீது காட்டலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் ஒரு பிழைப் பதிவைத் திறந்து, பதில் எழுத ஆரம்பித்து, "அவருக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்களே, அவரே பார்க்கட்டும்" என்று மூடிவிட்டுத் தூங்கப் போனதற்கு ரசீது எங்கே இருக்கிறது?

ஸ்டீவ் லாங்கசெக் இந்த ஜனவரி 1ஆம் தேதி காலமாகிவிட்டார். செய்தி பார்த்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது, உன் மெயிலும் அதை ஒட்டியே வந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகும் அவர் டெபியனை விட்டுப் போகவில்லை. உபுண்டுவின் ரிலீஸ் வேலையையும் பல வருஷம் பார்த்தார். சம்பளம் வாங்கியவர் கெட்டுப்போய்விடுவார் என்று பயந்தவர்களுக்கு அவர் நல்ல பதில்.

இதைப் படித்துவிட்டு "அப்போ காசே வேண்டாம், சேவை மனப்பான்மை போதும்" என்று குழுவில் போய்ப் பேசிவிடாதே. அந்த வாதம் எனக்கு எரிச்சல் மூட்டும். நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள்தான் அதைப் பெரும்பாலும் பேசுவார்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது என்ன தெரிந்தது? உலகத்தின் எத்தனையோ வலைத்தளங்களைப் பூட்டி வைத்திருக்கிற ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்.

போன வருஷம் நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருள், நீயும் தினம் பயன்படுத்துவதுதான். பின்லாந்தில் லாஸே காலின் என்பவர் தனி ஆளாகப் பராமரித்து வந்தார். 2022ல், தன் மனநலம் நீண்ட காலமாகவே சரியில்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை மறந்துவிட வேண்டாம் என்றும் அவர் எழுத வேண்டியிருந்தது. காரணம், ஏன் இத்தனை தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சிலர் விடாமல் நெருக்கினார்கள். அப்போது பக்கத்திலேயே ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பேட்ச் மேல் பேட்சாக நல்ல வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பொறுமை, பணிவு, கூப்பிட்ட குரலுக்கு வருவார். கூட்டுப் பராமரிப்பாளராக ஆனார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் செர்வருக்குள் நுழையத் திருட்டுக் கதவு இருந்தது. மார்ச் 29ல் அது வெளியே வந்ததுகூடத் தற்செயல்: ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், டெபியனின் அன்ஸ்டேபிள் பதிப்பில் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி இழுக்கிறதே என்று நோண்டிப் பார்த்தார். சம்பளமில்லாமல் உதவ வந்தவர் திருடர், சம்பளக்காரர் காப்பாற்றினார். இலவசமாகச் செய்கிறவர் மட்டும்தான் சுத்தம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதைச் சொல்.

டெபியனுக்கே வா. டங்க்-டேங்க் நடந்து எட்டு வருஷம் கழித்து, 2014ல், அதே டெபியனில் சம்பளத்துக்கு வேலை தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. யாரும் தலைவரை இறக்கப் போகவில்லை. பழைய பதிப்புகளுக்கு மொத்தம் ஐந்து வருஷம்வரை பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கிற எல்டிஎஸ் வேலை அது. ராஃபேல் ஹெர்ட்ஸாக் என்ற பிரெஞ்சு டெவலப்பர், தன் ஃப்ரெக்ஸியன் கம்பெனி வழியாக, பழைய பதிப்பை விட முடியாத நிறுவனங்களிடம் காசு வாங்கி, மணிக்கணக்கில் டெபியன்காரர்களுக்குக் கொடுக்கிறார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதலாவது, வேலை. நாலு வருஷத்துப் பழைய பேக்கேஜில் இன்றைய திருத்தத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஒட்டவைப்பது யாருக்கும் ஆசையான வேலை இல்லை. யார் வாளியையும் யாரும் பிடுங்கவில்லை. அந்த வாளியைத் தொடவே ஆளில்லாமல் கிடந்தது. அடுத்தது, கொடுக்கிற கை. டெபியன் தலைவர் அதில் இல்லை. வெளியில் ஒரு கம்பெனி, அதன் சொந்த வாடிக்கையாளர்கள். இரண்டு பேரைப் பொறுக்கி எடுக்கவும் இல்லை. தகுதியுள்ளவர்கள் மாதத்துக்குப் பத்து மணி நேரமோ நாற்பது மணி நேரமோ எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மணி நேரம், எந்தப் பேக்கேஜ், என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று மாதா மாதம் எல்லாரும் படிக்கிற மாதிரி அறிக்கை வரும். கடைசியாகச் சொன்ன இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். எதிரே உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு வாங்குகிறான், எதற்கு வாங்குகிறான் என்று தெரிந்துவிட்டால் மனுஷனுக்குப் பாதிப் பொறாமை அடங்கிவிடும்.

வலைத்தளம் கட்ட உதவுகிற ஜாங்கோ என்ற மென்பொருளைச் செய்கிறவர்களும் அதே 2014ல் ஃபெல்லோ என்று ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள், அவர்கள் அறக்கட்டளைப் பணத்திலேயே. அவருக்குக் கொடுத்த வேலையைப் பார்: வருகிற பிழைகளைத் தரம் பிரிப்பது, மற்றவர்கள் அனுப்பிய பேட்சுகளைப் பார்த்துச் சொல்வது, பாதுகாப்புப் பிரச்சினை, வெளியீடு. புதிதாக எழுதுகிற சுகமெல்லாம் தன்னார்வலர்களுக்கே. சம்பளம் வாங்குகிறவர் மற்றவர்களின் வேலை வீணாகாமல் பார்த்துக்கொள்கிறார். கொடுக்கிற கை உள்ளேயே இருந்தும் அங்கே கலகம் வராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உன் விஷயம். நீ முடிவெடுக்கிற குழுவில் இருக்கிறாய், பணம் வாங்கப் போகிறவனும் நீயே. இதில் ஒன்றை விடு. சம்பளம் வேண்டுமென்றால், ரகசியமாக வெட்கப்படாமல் வாங்கு, ஆனால் இது முடிவாகும்வரை அந்த முடிவெடுக்கிற குழுவிலிருந்து விலகு. உன் நேர்மையை நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு வாய்ப்புக் கொடுக்காதே என்கிறேன்.

ஜூன் தேதியை ஒப்புக்கொள்ளாதே. தேதிக்கு விலை பேசினால், தேதி தவறின அன்று ஆறு லட்சமும் உன் தலையில் விழும். மணி நேரத்துக்குப் பேசு. எந்த வேலை என்று நீயே பார்த்தால் தெரியும். சொற்பட்டியலில் சந்தி சேர்ந்தும் சேராமலும் இரட்டையாகக் கிடக்கிற சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்பது எத்தனை மாதமாக நிலுவையில் இருக்கிறது? விண்டோஸ் பதிப்பு ஓடவில்லை என்று வந்த கடிதங்களுக்கு யாராவது பதில் போட்டீர்களா? அதற்குக் கொடுக்கட்டும். நீ ஆசைப்படுகிற அந்தப் புதிய இலக்கண எஞ்சினை நீ ராத்திரியிலேயே எழுது, அதற்குச் சம்பளம் கேட்காதே. இது உனக்குக் கசக்கும், தெரியும்.

முழுநேரம் இரண்டு பேர் என்பதை விட்டு, விரும்புகிற நாலைந்து பேர் வாரத்துக்குச் சில மணி நேரம் என்று வைத்தால் என்ன? பொள்ளாச்சிப் பெண்ணுக்குக் கைக்குழந்தை என்று எழுதியிருந்தாய். முழுநேரத்தைவிட அவளுக்கும் அதுதான் தோதுப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது; அவளையே கேள், நான் இங்கிருந்து முடிவு செய்யக்கூடாது. அந்த பில் கேட்டவரிடம் மெயிலில் மோதாதே, நேரில் போய்ப் பார். பழைய வேலைக்குப் பணம் கொடுக்க முடியாது, அது அவருக்கும் தெரியும். ஆனால் எந்த வேலைக்கு மணிக்கு எவ்வளவு என்று பட்டியல் போடுகிற பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பார். பேசாமல் இருக்கிறவர்களிடமும் ஆளுக்கு ஆள் தனியாகக் கேள், குழுவில் கேட்டால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பணம் உங்கள் யார் சொந்தக் கணக்குக்கும் மொத்தமாக வரக்கூடாது. கம்பெனியே அவரவருக்கு நேரடியாகக் கொடுத்து டிடிஎஸ் பிடித்துக்கொள்வது நல்லது. அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டில் தாய் நிறுவனம் இருக்கிறதா என்றும் விசாரி. நாளைக்கு நீங்கள் அறக்கட்டளையாகப் பதிவு செய்து வெளிநாட்டுப் பணம் வாங்குவதானால் எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்கில் கணக்குத் திறக்க வேண்டும், அது தனிப் படலம். ஆடிட்டர் ஒருவரை இப்போதே பிடித்து வை. பெங்களூரில் ஜெரோதா கம்பெனி போன அக்டோபரில் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கென்று வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர் நிதி அறிவித்திருக்கிறது, பார்த்தாயா? ஒரே கம்பெனியை நம்பி இருப்பதைவிட அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பதில் தப்பில்லை.

சென்னைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறாய். என்ன எதிர்பார்க்கிறார்கள், லோகோ எங்கே வேண்டும், எழுதுகிற கோடு ஜிபிஎல் உரிமத்திலேயே இருக்க ஒப்புக்கொள்கிறார்களா, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும், இதையெல்லாம் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. கையெழுத்துப் போடும் முன்னால் அனுப்பு, போட்ட பிறகு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் படித்துச் சொல்கிறேன். சனிக்கிழமை மஞ்சுளா வீட்டு வளைகாப்பு, அன்றைக்கு என்னைக் கூப்பிடாதே.

அண்ணியிடம் எலுமிச்சை ஊறுகாய் கிடைத்தது என்று சொல். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

அன்புடன்,
அத்தை